இலவசப் பயிற்சி, வேலை உறுதி: பாலக்காட்டு எல்லையில் ஒரு மையத்தைத் தரம் பார்க்கும் விதம்

வாளையாரில் தொடங்கி வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வரை எல்லைச் சாலைகளில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களில் வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்: இலவசப் பயிற்சி, இலவச ஹாஸ்டல், நூறு சதவீதம் வேலை. முதல் இரண்டும் சரி. மூன்றாவதைத் திட்டமே சொல்லவில்லை. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் தீனதயாள் உபாத்யாயா கிராமீன் கௌசல்யா யோஜனா, சுருக்கமாக டிடியு-ஜிகேஒய், பயிற்சி முடித்தவர்களில் 70 சதவீதம் பேருக்காவது வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் நிபந்தனை போடுகிறது. நூறு என்று அச்சடித்திருக்கிற மையத்திடம் முதல் கேள்வியை அந்த நோட்டீஸிலிருந்தே தொடங்கலாம்.

திட்டம் 2014 செப்டம்பர் 25 அன்று இந்தப் பெயரில் வந்தது. பணம் அரசுடையது, வகுப்பு நடத்துவது பெரும்பாலும் தனியார் நிறுவனம். மேற்பார்வை கேரளப் பக்கம் அந்த மாநில அரசின் வறுமை ஒழிப்பு இயக்கமான குடும்பஸ்ரீயிடம்; தமிழ்நாட்டுப் பக்கம் ஊரக வாழ்வாதார இயக்கத்திடம், அதாவது மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்திடம். ஒரே நிறுவனம் கஞ்சிக்கோட்டிலும் பொள்ளாச்சியிலும் மையம் வைத்திருந்தால்கூட இரண்டையும் சோதிக்கிறவர்கள் வேறு வேறு ஆட்கள். பொள்ளாச்சியில் நன்றாக நடக்கிறது என்பது கஞ்சிக்கோட்டுக்குச் சான்று ஆகாது. ஒவ்வொரு மையத்தையும், ஏன் ஒவ்வொரு பேட்சையும், தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சேர வயது 15 முதல் 35. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர் போன்றோருக்கு 45 வரை. வறுமைக் கோட்டுப் பட்டியலில் பெயர், அந்தியோதயா ரேஷன் கார்டு, சுய உதவிக் குழு உறுப்பினர் குடும்பம், வீட்டில் ஒருவர் முந்தைய நிதியாண்டில் 15 நாளாவது நூறுநாள் வேலை (சித்தூர் தாலுகாவில் தொழிலுறப்பு) பார்த்திருப்பது, இப்படி ஏதாவது ஒன்று இருந்தால் போதும். எல்லைக் குடும்பங்களுக்கு இடிக்கிற இடம் வேறு. ரேஷன் கார்டு கொழிஞ்சாம்பாறையில் இருக்கும், ஆதார் முகவரி கிணத்துக்கடவில் இருக்கும். ஆள் சேர்க்கிற அவசரத்தில் மையம் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று உட்கார வைத்துவிடும். பிறகு பதிவில் பெயர் நிற்காமல் போனால், பாதிப் பயிற்சியில் வெளியே வர வேண்டியது அந்தப் பிள்ளைதான், மையம் அல்ல. வகுப்பு தொடங்கும் முன்பே முகவரியை ஒரு மாநிலத்துக்கு மாற்றிவிடுங்கள். கேரளப் பக்கம் அக்ஷயா சென்டர், தமிழ்நாட்டுப் பக்கம் இ-சேவை மையம். ஒரிஜினல் பத்தாம் வகுப்புச் சான்றிதழை மையத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். நடுவில் போய்விடாமல் இருக்க அதைப் பிடித்து வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், நகல் போதும். டெபாசிட், யூனிஃபார்ம் காசு, தேர்வுக் கட்டணம் என்று எதைக் கேட்டாலும் அது விதிக்கு வெளியே.

இனி லேப். தரம் தெரிவது இங்கேதான், ஆய்வுக்கு வருகிறவர்கள் வேகமாகக் கடந்து போவதும் இதைத்தான்.

மூன்று மாதப் படிப்பு என்றால் 576 மணி நேரம். அதில் குறைந்தது 160 மணி நேரம் பேச்சுப் பழக்கம், ஆங்கிலம், கம்ப்யூட்டருக்குப் போகும். மீதி 416. தியரியைக் கழித்தால் கையால் வேலை பழக 300 மணி நேரம் தேறும் என்று வைத்துக்கொள்வோம். பேட்சில் 35 பேர். தையல் லேபில் 12 மெஷின்தான் ஓடுகிறது என்றால் ஆளுக்குக் கிடைப்பது சுமார் 103 மணி நேரம். அரசு 300 மணி நேரத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே ஓடுகிற மெஷினை மட்டும் எண்ண வேண்டும், மூடி போட்டு வரிசையாக நிற்பதை எண்ணக் கூடாது. ஓடும் மெஷினை அடையாளம் காண்பது சுலபம்: பாபின் கேஸில் நூல் இருக்கும், அடியில் கத்தரித்த துணித் துண்டு கிடக்கும், மாற்று ஊசி டப்பா பாதி காலியாக இருக்கும். ஊசி டப்பா பிரிக்காமலே இருந்தால், அந்த லேபில் யாரும் ஊசி உடையும் அளவுக்குத் தைக்கவில்லை என்று பொருள். பழகுகிறவர் ஊசி உடைக்காமல் தையல் பழக முடியாது.

எந்த மெஷின் என்பது அதைவிட முக்கியம். இந்தப் பக்கத்தில் தையல் படிப்பவர்களுக்கு வேலை காட்டப்படும் ஊர் பெரும்பாலும் திருப்பூர். அங்கே ஓடுவது பனியன் துணி. தோள் கூட்டவும் பக்கம் மூட்டவும் ஓவர்லாக், கை மடிப்புக்கும் அடி மடிப்புக்கும் பேட்லாக். சிங்கிள் நீடில் மெஷினுக்கு அங்கே வேலை உண்டு, ஆனால் காலர், பட்டி, பாக்கெட் என்று கொஞ்சம்தான். லேபில் சிங்கிள் நீடில் முப்பது, ஓவர்லாக் ஒன்று, பேட்லாக் இல்லவே இல்லை என்றால், அங்கிருந்து சான்றிதழோடு போகிறவர் கம்பெனியில் டெய்லராகச் சேர முடியாது. ஹெல்பராக நூல் பிசிறு வெட்டத்தான் உட்காருவார். சம்பளமும் ஹெல்பர் சம்பளம். இரண்டாவது மாதம் வீட்டுக்கு வந்துவிடுவார். மையம் அவரைப் பற்றி "பிள்ளைக்கு நிலைத்து நிற்கும் மனசு இல்லை" என்று எழுதி வைத்திருக்கும். லேபில் இல்லாத மெஷினுக்கு அந்தப் பிள்ளை மேல் பழி விழுகிறது. ஆய்வு அறிக்கையில் மெஷின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் உண்டு. வேலை தரப்போகும் கம்பெனியில் எந்த மெஷின் ஓடுகிறது என்று ஒப்பிட இன்னொரு கட்டம் வேண்டும். எங்கள் பார்வையில் இந்த ஒரு திருத்தமே பாதிக் குறையைத் தீர்க்கும்.

மருத்துவமனை உதவியாளர் படிப்பிலும் இதே கதை வேறு உருவத்தில் நடக்கிறது. பாடத்தின் பெயர் ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட். நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, திருப்பிப் படுக்க வைப்பது, சக்கர நாற்காலியில் ஏற்றி இறக்குவது, பிபி பார்த்துக் குறிப்பது போன்றவைதான் பாடம். மரியாதையான வேலை, கோவை ஆஸ்பத்திரிகளில் தேவையும் இருக்கிறது. ஆனால் ஆள் சேர்க்கும்போது இதை "நர்சிங் கோர்ஸ்" என்று விற்கிறார்கள். நர்ஸ் ஆக ஏஎன்எம், ஜிஎன்எம், பிஎஸ்சி நர்சிங் இவற்றில் ஒன்று படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இந்தச் சான்றிதழில் பதிவு கிடைக்காது. சேர வந்த பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் தனித்தனியாக "இது என்ன படிப்பு?" என்று கேட்டாலே போதும். இரண்டு பேரும் நர்ஸ் என்றால், அந்த மையத்தின் கவுன்சிலிங் தேறவில்லை. லேபில் கட்டில், பொம்மை, பிபி மெஷின் இருந்தும் ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி நடக்காவிட்டால், வேலைக்குப் போன முதல் வாரத்தில் மலம் துடைக்க நேரும்போது திரும்பி வந்துவிடுவார்கள். அதைப் பயிற்சியின்போதே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆள் கணக்கு. வருகை விரல் ரேகையில் பதிவாகிறது, வகுப்பில் கேமரா இருக்கிறது. இரண்டையும் தாண்டியும் ஆள் குறைவது உண்டு: காலையில் ரேகை வைத்துவிட்டுப் பதினோரு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள், மாலை ரேகைக்கு வந்து சேர்வார்கள். இதற்குச் சமையலறைதான் நம்பகமான சாட்சி. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி என்று வைத்தால் 35 பேருக்கு 5 கிலோவுக்கு மேல் உலையில் போக வேண்டும். பதிவேட்டில் 35, பானையில் 3 கிலோ என்றால் உட்கார்ந்து சாப்பிடுவது இருபது பேர். மதியம் ஒன்றரை மணிக்கு, சொல்லாமல், நேரே சமையலறைக்குப் போக வேண்டும். முன்கூட்டித் தகவல் கொடுத்துப் போகும் ஆய்வில் பக்கத்து பேட்ச் பிள்ளைகளையும் பழைய மாணவர்களையும் சேர்த்து உட்கார வைப்பது நடக்கும். பேட்ச் தொடங்கியபோது எடுத்த படத்தோடு முகம் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சுவரில் தொங்க வேண்டிய பலகைகளைப் பற்றி ஒரு வரி போதும். பயிற்சி பெறுகிறவருக்கு உரியவை என்ன, சாப்பாட்டுப் பட்டியல், புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் எழுதி வைத்திருக்க வேண்டும். சித்தூர் தாலுகாவில் அது தமிழிலும் இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது வேலை. 2016 வழிகாட்டு நெறிமுறையின்படி ஒருவர் தொடர்ந்து மூன்று மாதம் சம்பளத்தோடு வேலை பார்த்தால்தான் அது வேலைவாய்ப்புக் கணக்கில் சேரும். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 6,000 ரூபாய் அல்லது அந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அது. நிறுவனத்துக்கு அரசு நான்கு தவணையாகப் பணம் விடுகிறது: 25, 50, 15, 10 சதவீதம். முதல் இரண்டு தவணையிலேயே முக்கால் பங்கு போய்விடுகிறது. மிச்சக் கால் பங்கை வாங்க மூன்று மாதச் சம்பளச் சீட்டு தேவைப்படுகிறது. இந்த அமைப்பில்தான் கோளாறு முளைக்கிறது: மூன்று மாதம் நிற்கிற வேலை, நான்காவது மாதம் காணாமல் போகிற வேலை. சில இடங்களில் வேலையே இல்லாமல் சீட்டு மட்டும் வரும். ஒரே தேதி, ஒரே கையெழுத்து, எல்லாருக்கும் பைசா மாறாமல் ஒரே தொகை. ஆப்சென்ட், ஓவர்டைம் எதுவுமே இல்லாமல் முப்பது பேர் மூன்று மாதம் வேலை பார்க்க எந்தக் கம்பெனியிலும் முடியாது.

இதைப் பிடிக்கச் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பயனில்லை. பிஎஃப் பாஸ்புக்கைப் பார்க்க வேண்டும். யுஏஎன் என்ற பிஎஃப் உறுப்பினர் எண் இருந்தால், அரசின் உமங் செயலியில் யார் வேண்டுமானாலும் தன் பாஸ்புக்கைத் திறக்கலாம். எந்த நிறுவனம் எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டியது என்று அதில் இருக்கும். ஒரு மாதத்துப் பிஎஃப் கட்ட அடுத்த மாதம் 15-ஆம் தேதி வரை நேரம் உண்டு. அதனால் ஜூன் மாத வேலையை ஜூலை 20-க்குப் பிறகு பாருங்கள். முன்னாலேயே பார்த்துவிட்டு "கட்டவில்லை" என்று சண்டைக்குப் போக வேண்டாம். மாதம் 12,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமாக இருந்தால் பிஎஃப் 12 சதவீதம் 1,440, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 90. கையில் 10,470. இதிலிருந்து ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 2,500 பிடித்தால் 7,970. நோட்டீஸில் 12,000 என்று போட்டு, கையில் 7,970 வருவதைச் சேரும் முன் யாரும் சொல்வதில்லை. சம்பளத்தை மொத்தம், பிடித்தம், கையில் வருவது என்று மூன்று வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் மையத்தில் சேர வேண்டாம்.

இன்னொரு தந்திரம் அப்ரண்டிஸ். கம்பெனி ஆர்டரில் "அப்ரண்டிஸ்" என்று இருந்தால் அது 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் பயிற்சி. வருவது உதவித்தொகை, பிஎஃப், இஎஸ்ஐ இல்லை. அது கெட்ட விஷயமல்ல. கஞ்சிக்கோட்டிலோ குறிச்சி சிட்கோவிலோ நல்ல கம்பெனியில் ஒரு வருட அப்ரண்டிஸ் அனுபவம் பின்னால் கை கொடுக்கும். ஆனால் அதை வேலை என்று சொல்லிச் சேர்ப்பது ஏமாற்று.

பழைய பேட்சுக்குப் போன் போடுவதுதான் கடைசிச் சோதனை. மையம் தரும் ஐந்து பெயரை வாங்காதீர்கள். ஆறு மாதம் முன்பு முடிந்த பேட்ச் பட்டியலில் நீங்களாக ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். "அண்ணா, இப்ப எந்தக் கம்பெனி? நாலாவது மாசச் சம்பளம் எந்தத் தேதி அக்கவுண்டுல வந்துச்சு? உங்ககூடச் சேர்ந்தவங்க எத்தனை பேர் இன்னும் அங்க இருக்காங்க?" இந்த மூன்றும் கேட்டால் போதும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் மையத்தின் உண்மையான மதிப்பெண்.

எல்லை ஆட்களுக்கு அதிகமாகக் கிடைக்கக்கூடிய ஒரு சலுகை பெரும்பாலோருக்குத் தெரியாமலே போகிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு: சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் 2 மாதம், மாவட்டத்துக்கு வெளியே என்றால் 3 மாதம், வெளிமாநிலம் என்றால் 6 மாதம். வேலந்தாவளத்துப் பெண் தினமும் பஸ்ஸில் கோவைக்குப் போய் வந்தாலும் அது வெளிமாநில வேலை. 6,000 ரூபாய் வர வேண்டும். அதே பெண் கஞ்சிக்கோட்டில் சேர்ந்தால் 2,000. மையம் எல்லாரையும் உள்மாவட்டக் கணக்கில் போட்டிருந்தால் 4,000 போச்சு. உங்கள் பேட்ச் எந்த ஆண்டு விதியின் கீழ் அனுமதி பெற்றது என்று கேட்டு, அந்த விதியில் இந்தத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும், கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கக் கூடாது.

அரசின் சொந்த ஆய்வு எப்படி? ஏட்டில் நன்றாகவே இருக்கிறது. பயிற்சி நிறுவனத்துக்குள்ளேயே வகுப்பு நடத்தாத தனித் தரக் குழு இருக்க வேண்டும், அதற்கு மேல் மாநில இயக்கம் சோதிக்க வேண்டும். ஆனால் சோதிப்பவரின் கண் கழிப்பறை, கேமரா, பலகை, படுக்கை ஆகியவற்றில் நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் பார்த்து டிக் போட முடிந்தவை அவை. நான்காவது மாதப் பாஸ்புக் அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணில் படாது. தரவில் எழுதியதை யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு மத்தியத் திட்டம் உதாரணம்: பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனா பற்றி 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி (மத்தியக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை, 95.90 லட்சம் பேரில் 90.66 லட்சம் பேருக்கு வங்கிக் கணக்கு விவரம் காலியாகவோ பூஜ்ஜியமாகவோ இருந்ததாகச் சொன்னது. ஒரே புகைப்படம் பல பேருக்கு ஒட்டப்பட்டிருந்ததையும் காட்டியது. எல்லா நோட்டீஸிலும் இலவசப் பயிற்சி என்றுதான் இருக்கும் என்பதால், வந்தது எந்தத் திட்டத்தின் மையம் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனாவின் நான்காம் கட்டத்தில் வேலை வாங்கித் தரும் நிபந்தனையே எடுக்கப்பட்டுவிட்டது; அங்கே சேர்ந்துவிட்டு வேலை எங்கே என்று கேட்க முடியாது.

மொழி. சித்தூர் தாலுகாவில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் மலையாளத்தில் வகுப்புக் கேட்டுச் சமாளிப்பார்கள், எழுத்துத் தேர்வில் தடுமாறுவார்கள். வினாத்தாள் எந்த மொழியில் வேண்டும் என்பதைப் பேட்ச் பதிவாகும்போதே சொல்ல வேண்டும். தேர்வு நாளில் கேட்டால் கிடைக்காது. புகாருக்கு மொழி தடையில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். புகாரில் பேட்ச் எண், தேதி, தொகை மூன்றும் இருக்கட்டும். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: அந்த மையத்தின் ஆய்வு அறிக்கைகளின் நகல், பேட்ச் வாரியாக விடுவித்த தவணைகள், வேலை பெற்றவர்கள் எண்ணிக்கை. தனி நபர் பெயரைக் கேட்காதீர்கள், அதைக் காட்டியே மறுத்துவிடுவார்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

எங்கள் மதிப்பெண்: திட்டத்தின் அமைப்புக்கு ஐந்தில் நான்கு, ஆய்வு முறைக்கு இரண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், பெண்களுக்கு 33 சதவீதம் என்று இடம் ஒதுக்கி, தங்க இடமும் சோறும் போட்டுத் தொழில் பழக்கும் வேறு திட்டம் இந்தப் பகுதியில் எளிதில் கிடைக்காது. முதலமடைப் பக்கத்து எரவாளர், மலசர் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சேர்க்கும் மையத்துக்கு இன்னும் அரை மதிப்பெண் கூட்டித் தரலாம். பஸ் ஸ்டாண்டில் நின்று கிடைத்தவரைச் சேர்க்கும் மையத்துக்கு அது கிடையாது.

வெளியூர் வேலைக்குப் போகவே முடியாத நிலை, வீட்டில் கைக்குழந்தை அல்லது படுக்கையில் பெரியவர் என்றால் இந்தத் திட்டத்தில் சேர வேண்டாம். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள், ஆர்செட்டி, அதற்குத்தான் இருக்கின்றன. 1982-இல் கர்நாடகத்து உஜிரேயில் தொடங்கிய முறை அது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், இலவசம், பயிற்சி முடிந்து இரண்டு வருடம் தொடர்ந்து விசாரிப்பார்கள். பாலக்காடு, கோவை இரண்டு மாவட்டத்துக்கும் முன்னோடி வங்கி கனரா வங்கிதான். கனரா கிளையில் கேட்டால் அடுத்த பேட்ச் எப்போது, எந்தத் தொழில், கடனுக்கு என்ன காகிதம் வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.